பொதுவாழ்வில் பெண்டிரும் பழிச்சொல்லும்

திருவனந்தபுரத்தில் பாளையத்திலிருந்து தலைமைச் செயலகத்தை நோக்கி நடந்து செல்வோர், வழியில் பழைய மண்டபம் ஒன்றைக் காண்பர். 1896-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற அதற்கு விக்டோரியா ஜூபிலி நகர மண்டபம் என்பது பழைய பெயர். 2019-ஆம் ஆண்டில் அதற்கு ஐயன்காளியின் பெயர் சூட்டப்பெற்றது. திருவிதாங்கூர் அரசு 1904-ஆம் ஆண்டில் அமைத்த ஸ்ரீமூலம் பிரஜா சபை இம்மண்டபத்திலேதான் கூடியது. நாகர்கோவில், கல்குளம், செங்கோட்டைப் பகுதிகளின் குறைகளைத் தமிழர்கள் வந்து எடுத்துரைத்ததும் அச்சபையில்தான். ஆகவே இந்நகரில் வாழும் நமக்கு அது முழுதும் அயலார் வரலாறு அன்று.

அந்தச் சபைக்கு 1931-ஆம் ஆண்டில் வேட்பாளராக நின்ற ஒரு பெண்மணியைப் பற்றியும், அவருக்குப் பின் வந்த சிலரைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறோம். காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறோம்.

அப்பெண்மணியின் பெயர் அன்னா சாண்டி. 1905-ஆம் ஆண்டில் பிறந்தவர். 1926-ஆம் ஆண்டில் சட்டப்பட்டம் பெற்றவர். கேரள நாட்டில் அப்பட்டத்தைப் பெற்ற முதற்பெண் அவரே. 1928-ஆம் ஆண்டில், பெண்களுக்கு அரசாங்க உத்தியோகம் கொடுக்கலாமா, ஆகாதா என்பது திருவிதாங்கூரில் பெரிய விவாதமாய் இருந்தது. திருவனந்தபுரத்தில் கூடிய ஒரு கூட்டத்தில், பிற்காலத்தில் திருவிதாங்கூர் நாட்டுக் கையேட்டை எழுதிப் புகழ்பெற்ற டி. கே. வேலுப்பிள்ளை அவர்கள், பெண்கள் உத்தியோகம் பார்ப்பது குடும்பத்துக்குக் கேடு என்னும் கட்சியை எடுத்துப் பேசினார். சபையோருள் ஒருவராக இருந்த அன்னா சாண்டிக்கு அப்போது வயது இருபத்து மூன்று. அவர் மேடையேறி, நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு மனுவுக்கு மறுமொழி கூறுவதுபோல, வேலுப்பிள்ளையின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து மறுத்தார். பெண்ணின் வருவாயால் குடும்பம் கெடும் என்பவர், ஆணின் வருவாயால் எந்தக் குடும்பமும் கெட்டதில்லை என்று சொல்ல முடியுமா என்னும் போக்கில் அமைந்த வாதம் அது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அக்கூட்டத்தில் இரு தரப்பாரும் கருத்தோடு கருத்தை மோதினர். வேலுப்பிள்ளையின் கட்சி நமக்கு உடன்பாடன்று. ஆயினும் அது வாதம், வசையன்று. மூன்று ஆண்டுகள் கழித்து நடந்தது முற்றிலும் வேறு.

1930-ஆம் ஆண்டில் அன்னா சாண்டி ‘ஸ்ரீமதி’ என்னும் பெண்கள் இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றோரோ, அவர்களுடைய ஆதரவாளரோ, அவர் கூறிய கொள்கைகளைத் தொடவேயில்லை. நகரத்துச் சுவர்களில் அவரைப் பற்றி இழிந்த வாசகங்கள் தோன்றின. திவானோடும் மற்ற உயர் அதிகாரிகளோடும் அவருக்குள்ள பழக்கம் எத்தகையது என்று கிசுகிசுப்புகள் பரப்பப்பட்டன. பத்திரிகைகளும் அதற்கு இடம் கொடுத்தன. தேர்தலில் அவர் தோற்றார். ‘ஊர் வாயை மூட உலைமூடி இல்லை’ என்று நம் பாட்டிமார் சொல்லி, அத்தோடு அவரை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டிருப்பார்கள். அவரோ தமக்கு நேர்ந்ததைப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதிக் கண்டித்தார். 1932-ஆம் ஆண்டில் மீண்டும் நின்றார், வென்றார்.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1937-ஆம் ஆண்டில் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் அவரை முன்சீபாக நியமித்தார். (சர் சி. பி.யின் பெயரைச் சொன்னால் இந்நகரில் இன்றும் சிலர் முகம் சுளிப்பர். அதற்குக் காரணங்கள் உண்டு. எனினும் இந்த ஒரு நியமனத்துக்காக அவருக்குரிய பெருமையைக் கொடுக்கத்தான் வேண்டும்.) 1948-ஆம் ஆண்டில் மாவட்ட நீதிபதி, 1959-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் கேரள உயர்நீதிமன்ற நீதிபதி. இந்தியாவில் ஓர் உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாய் அமர்ந்த முதற்பெண் அவர்தாம். 1967 வரை அப்பதவியில் இருந்தார். பத்தனம்திட்டையில் ஒரு தந்தை, அன்னா சாண்டியைக் கண்டுதான் தம் மகளைச் சட்டம் படிக்கத் திருவனந்தபுரம் அனுப்பினார் என்பர். அம்மகள் பாத்திமா பீவி 1989-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றத்தின் முதற்பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தார். சுவரில் எழுதியவர்கள் 1931-ஆம் ஆண்டோடு தம் எண்ணத்தைச் சாதித்திருந்தால், இவ்வரிசையில் எத்தனை பேர் வாராது போயிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோய் என்றும் கருத வேண்டா. கனடா நாட்டு எட்மண்டன் நகரில் 1916-ஆம் ஆண்டில் எமிலி மர்பி என்னும் அம்மையார் நீதிபதியாக அமர்ந்தபோது, சட்டத்தின் கண்ணில் பெண் ஒரு ‘நபர்’ அல்லள், ஆகவே இவர் தீர்ப்புச் செல்லாது என்று ஒரு வழக்கறிஞர் எழுந்து சொன்னார். பெண்ணும் நபரே என்று இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளிக்க 1929 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்நகரிலேயே இன்னொரு சான்று. டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ், இங்குள்ள மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானப் பாடம் கேட்டார். பெண் என்பதால் கிடைக்கவில்லை. அவர் தந்தையோ அரண்மனை மருத்துவர். அப்படியிருந்தும் இந்த நிலை. கலைப்பாடம் படித்துப் பட்டம் பெற்றார். பின்பு இலண்டன் சென்று மருத்துவம் கற்றார். 1916-ஆம் ஆண்டில் திரும்பி வந்து, தைக்காட்டுப் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் பணியேற்றார். பிறகு திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாகவும் உயர்ந்தார். கரமனையிலும் வலியசாலையிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில், தைக்காட்டில் பிறந்தவர் ஒருவரேனும் இல்லாத வீடு அரிது.

இனி, பழிச்சொல்லின் இயல்பை ஆராய்வோம். ஓர் ஆண் அதிகாரியின் பணி பிடிக்காவிட்டால், அவர் திறமையற்றவர் என்பர். கையூட்டு வாங்குகிறார் என்பர். கடுமையான சொற்கள்தாம், ஆனால் அவை அவருடைய பணியைப் பற்றியவை. பெண் அதிகாரியின் பணி பிடிக்காவிட்டால் பேச்சு அவருடைய உடலுக்குச் செல்லும்; உடைக்குச் செல்லும்; நிறத்துக்குச் செல்லும்; கணவனுக்கும் நடத்தைக்கும் செல்லும். மறுமொழி கூற முடியாத இடத்தில் அடிப்பதே இதன் உபாயம். ‘நீ எழுதிய கோப்பில் பிழை’ என்றால் கோப்பைத் திறந்து காட்டலாம். ‘நீ கறுப்பு’ என்றால் எதைத் திறந்து காட்டுவது?

இவ்வுதாரணத்தை நாம் கற்பனையாகச் சொல்லவில்லை. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் திருமதி சாரதா முரளீதரன் கேரள அரசின் தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்றார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் அவருடைய கணவர் டாக்டர் வேணு. 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அவரைக் காண வந்த ஒருவர், கணவரின் நிர்வாகம் எவ்வளவு வெண்மையோ மனைவியின் நிர்வாகம் அவ்வளவு கறுப்பு என்னும் கருத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டார். ஒரு மாநிலத்து நிர்வாகத்தின் உச்சியில் இருக்கும் அதிகாரி அதை முகநூலில் எழுதினார். பேச்சு அதிகமாகவே நீக்கினார். நீக்கியது சரியன்று என்று தோன்றி, விரிவாக மீண்டும் எழுதினார். நான்கு வயதில், தம்மை மறுபடியும் வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாய்ப் பெற முடியுமா என்று தாயாரிடம் கேட்டதையும் அதில் குறித்தார். எதிர்க்கட்சித் தலைவர் வி. டி. சதீசன் உட்படப் பலரும் அவருக்குத் துணையாய் நின்றனர். இதில் நம்மைத் தைத்தது வேறொன்று. ‘கறுப்பி’ என்று செல்லமாகவும் ஏசலாகவும் பெண் பிள்ளைகளை அழைப்பது தமிழ் வீடுகளிலும் உள்ள வழக்கந்தானே? நம் பெண்மக்களில் யாரேனும் தாயாரிடம் அப்படிக் கேட்டிருப்பார்களோ என்று அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

சுவர் போய் இப்போது கைபேசி வந்திருக்கிறது. சுவரில் எழுதுபவன் இருட்டில் கரித்துண்டோடு நடக்க வேண்டும். யாரேனும் கண்டுவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கும். மழை வந்தால் எழுத்து அழியும். கைபேசியில் இவை ஒன்றும் இல்லை. 2017-ஆம் ஆண்டு டிசம்பரில், இந்நகரில் நடைபெற்ற கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் கருத்தரங்கில், நடிகை பார்வதி, ‘கசபா’ என்னும் படத்தில் பெண்களை இழிவுசெய்யும் உரையாடலைக் குறை கூறினார். தொழில் தெரிந்த ஒருவர் தம் தொழிலைப் பற்றிக் கூறிய கருத்து அது. அதற்குப் பதிலாக வந்தவை கொலை மிரட்டலும் வன்புணர்வு மிரட்டலும். அவர் காவல்துறையிடம் புகார் கொடுத்தார், கைது நடந்தது. 2019-ஆம் ஆண்டு பொதுத்தேர்தலையொட்டிய மூன்று மாதங்களில், இந்தியப் பெண் அரசியல்வாதிகள் 95 பேரைக் குறித்து எழுதப்பட்ட ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட டுவிட்டர்ச் செய்திகளை ஆம்னஸ்டி நிறுவனம் ஆராய்ந்தது. அவற்றில் நூற்றுக்கு 13.8 வசையோ இழிவோ ஆனவை என்று கண்டது. அதாவது, ஏழு கடிதம் வந்தால் ஒன்று மலம் தோய்ந்தது. எந்த ஆண் அதிகாரி அத்தகைய தபாலைத் தினமும் பிரித்துப் படித்துக்கொண்டு வேலை பார்ப்பார்?

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில் விஷயம் எளிதன்று. ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் ஷோபனாவின் மலையாளத்துக்குக் குரல் கொடுத்த பாக்கியலட்சுமியை நேயர்கள் குரலாலேனும் அறிவர். 2020-ஆம் ஆண்டில், பெண்களை மிகக் கேவலமாகப் பேசும் யூடியூப் காட்சிகளை ஒருவர் வெளியிட்டு வந்தார். புகார் கொடுத்தும் பயனில்லை என்று மனம் வெதும்பி, பாக்கியலட்சுமியும் வேறிரு பெண்களும் அவ்வாண்டு செப்டம்பரில் இந்நகரில் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று, கை நீட்டினர், மை ஊற்றினர், அதைக் காட்சியாக வெளியிடவும் செய்தனர். அவர் கைது செய்யப்பட்டார். அப்பெண்கள்மீதும் வழக்கு வந்தது. நகரத்து நீதிமன்றம் முன்ஜாமீன் மறுத்தது; நவம்பரில் உயர்நீதிமன்றம் அளித்தது. கை நீட்டியதை நாம் சரியென்று சொல்லமாட்டோம். ஆனால் சட்டத்தின் கதவைத் தட்டித் தட்டிக் கை நொந்தவர்கள் கதவைத் தாண்டிப் போகும்போது, கதவைத் திறவாதவர்களும் கணக்குச் சொல்ல வேண்டும்.

அதே நவம்பரில், கேரள அரசு போலீஸ் சட்டத்தில் 118-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. பெண்கள்மேல் இணையத்தில் நடக்கும் தாக்குதலைத் தடுக்கவே என்று காரணம் கூறிற்று. ஆனால் அதன் சொற்கள் எந்தச் செய்தியையும், எந்தப் பத்திரிகையையும் பிடிக்கக்கூடிய அளவுக்கு அகன்று கிடந்தன. நாடெங்கும் எதிர்ப்பு எழவே, சில நாட்களில் அரசு அதைக் கைவிட்டது. 2015-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவையும், கேரள போலீஸ் சட்டத்தின் 118-டி பிரிவையும் நீக்கியதும் இதே காரணத்தால்தான். பெண்ணைக் காப்பதாகச் சொல்லி வீசிய வலையில் முதலில் சிக்குவது, அதிகாரத்தைக் குறை கூறும் பெண்ணாகவே இருக்கலாம் அல்லவா? ஆகையால் புதிய வலையைக் காட்டிலும், உள்ள சட்டத்தைக் காலத்தில் நடத்துவதே நமக்கு உகந்ததாகத் தோன்றுகிறது.

உள்ள சட்டம் இது: பாரதிய நியாய சன்ஹிதையின் 79-ஆம் பிரிவு. முன்னாள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 509. சொல்லாலோ சைகையாலோ பெண்ணின் ‘மாடஸ்டி’யை அவமதிப்போருக்கு மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இச்சொல் நெடுநாளாய்த் தொல்லை தருவது. நாணம் என்பதா? அடக்கம் என்பதா? மானம் என்பதா? ‘அடக்கம்’ என்று எழுதினால், அடங்காத பெண்ணை ஏசலாம் போலும் என்ற பொருள் வந்துவிடுகிறது. நாம் ‘மானம்’ என்றே எழுதுகிறோம்; அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான சொல். 2023-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் வெளியிட்ட கையேடு ஒன்று, தீர்ப்புகளில் தவிர்க்க வேண்டிய சொற்களைப் பட்டியலிட்டது. ‘கேரியர் உமன்’ என்று எழுதாமல் ‘பெண்’ என்றே எழுதுக என்பது அதில் ஒன்று. உத்தியோகம் பார்ப்பதால் அவள் வேறு சாதிப் பிராணி ஆகிவிடவில்லை!

சட்டத்தை நடத்த வைப்பது பலருடைய குரல். 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில், சென்னையில் செய்தியாளர் கூட்டத்தில் கேள்வி கேட்ட பெண் செய்தியாளரின் கன்னத்தை அப்போதைய ஆளுநர் தட்டினார். எதிர்ப்பு எழுந்தபின் வருத்தம் தெரிவித்தார். அதையொட்டி, பெண் செய்தியாளர்களையெல்லாம் இழிவுபடுத்தும் பதிவொன்றை ஒரு நடிகர் முகநூலில் பகிர்ந்தார். ஆண் செய்தியாளரும் பெண் செய்தியாளரும் சேர்ந்து தெருவில் நின்றனர், வழக்குத் தொடரப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. உயர்நீதிமன்றமும் 2025-இல் அதை உறுதி செய்தது. தாம் எழுதவில்லை, பிறர் எழுதியதைப் பகிர்ந்ததுதான் என்பது அங்கே தப்பிக்கும் வழியாகவில்லை. இதை நேயர்கள் நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். கேரளத்திலும், நடிகை ஒருவர் 2017-இல் தாக்கப்பட்டபின் திரைத்துறைப் பெண்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். அவர்கள் வற்புறுத்தியதன் பயனாய் அமைந்த நீதிபதி ஹேமா குழு, 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அது வெளிச்சத்துக்கு வந்ததோ 2024 ஆகஸ்டில். நாலரை ஆண்டுக்கு மேல் ஓர் அலமாரியில் உறங்கிய காகிதத்தை எழுப்ப எத்தனை பேர் கூவவேண்டியிருந்தது!

முன்னே சொல்வதாகக் கூறிய காரணத்துக்கு இப்போது வருகிறோம். வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்குத் தமிழ் அமைப்பு ஒன்றும், அதற்கு ஒரு வாட்ஸப் குழுவும் இருப்பது இயல்பு. நாம் உறுப்பினராயுள்ள குழுவொன்றில், சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் பட்டிமன்றத்தில் பேசிய கல்லூரி ஆசிரியை ஒருவரைப் பற்றி, மறுநாள் ஒரு படமும் நான்கு வரியும் வந்தன. படம் திரிக்கப்பட்டது, வரிகள் இங்கே சொல்லத் தகாதவை. இருநூறுக்கு மேற்பட்டோர் உள்ள குழு. சிலர் சிரிப்புக் குறி இட்டனர். பெரும்பாலோர் வாளா இருந்தோம். நாமும் இருந்தோம். காலையில் அலுவலகம் போக வேண்டும், வீண்வம்பு எதற்கு என்பது அப்போது நாம் நமக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம். ஒரு மாதம் கழித்து இல்லாளோடு அவர் வீட்டுக்குச் சென்று ஆறுதல் சொன்னோம். காப்பி கொடுத்தார், எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, “அன்னைக்கே அந்த இடத்திலே ஒரு வரி போட்டிருக்கலாமே, அண்ணாச்சி?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ‘முள் மேல் சேலை விழுந்தாலும், சேலை மேல் முள் விழுந்தாலும் கேடு சேலைக்கே’ என்னும் பழமொழியை நாம் எத்தனையோ மேடையில் கேட்டிருக்கிறோம். சேலையை முள்ளிலிருந்து எடுத்துவிடச் சுற்றி நின்றவர்களுக்குக் கையில்லையா என்று யாரும் கேட்டதில்லை.

ஆகவே துணை நிற்பது என்பது பெரிய கூட்டமோ தீர்மானமோ அன்று. வசை வந்த இடத்திலேயே, வந்த வேளையிலேயே, ‘இது தகாது’ என்று தம் பெயரோடு ஒருவர் எழுதுவது. தனியே பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் எழுதும் ஆறுதல், சுவரில் உள்ள எழுத்தை அழிப்பதில்லை. அடுத்து, சான்றைக் காப்பது. செய்தியை நீக்குமுன் நாள், நேரம், அனுப்பிய எண் ஆகியவை தெரியப் படமெடுத்து வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அதைத் தாமே திரும்பத் திரும்பப் பார்க்க நேராதபடி நண்பர் ஒருவர் இவ்வேலையை ஏற்பது நன்று. 181 என்பது பெண்கள் உதவி எண். இணையக் குற்றங்களுக்குரிய தேசியத் தளத்திலும் முறையிடலாம்.

வெளிமாநிலத் தமிழர் அறியவேண்டியது மற்றொன்று. ஏசியவர் மதுரையில் இருப்பார். ஏச்சுக்கு ஆளானவர் தில்லியிலோ புனேயிலோ இருப்பார். ‘எங்கள் எல்லையில் நடக்கவில்லை’ என்று காவல் நிலையத்தார் முன்பெல்லாம் திருப்பி அனுப்புவர். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதையின் 173-ஆம் பிரிவின்படி, கைது செய்தற்குரிய குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற வழியிலும் கொடுக்கலாம். மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும்.

அந்த ஆசிரியை அம்மையாருக்கு, சென்ற ஆண்டு மீண்டும் அதே தொல்லை வந்தது. இம்முறை அவர் காவல் நிலையம் செல்லத் துணிந்தார். வசை தமிழில் இருந்தது. அதிகாரிகளுக்கோ மலையாளம்தான் தெரியும். மொழிபெயர்த்துத் தர முடியுமா என்று கேட்டார். இரண்டு மாலை அவர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்தோம். இருபதாண்டுக்கு மேல் இத்தொழிலில் இருக்கிறோம்; இவ்வளவு கடினமான மொழிபெயர்ப்பு வாய்த்ததில்லை. நாகரிகமாக எழுதினால் குற்றம் சிறுத்துவிடும். உள்ளபடி எழுத வேண்டுமானால் ஒவ்வொரு சொல்லுக்கும் அவரிடமே பொருள் உறுதி செய்ய வேண்டும். நாம் தயங்கிய இடத்திலெல்லாம் அவரே அச்சொல்லை உரக்கப் படித்து, “அப்படியே எழுதுங்க” என்றார். நான்கு பக்கம் வந்தது. அடியில் அவர் கையொப்பமும், மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நம் கையொப்பமும் உள்ளன.